யார் பேரிலும் குற்றமில்லை
(மனச்சிதைவு நோயைப் பற்றியும் மூளையில் உள்ள புரதங்களைப் பற்றியும் கிராமக் குடும்ப நலக் கூட்டத்தில் டாக்டரம்மா ஒருவர் பேசியது)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் தடுப்பூசி, தாய்ப்பால், இரத்தசோகை, ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, இவற்றைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு வேறு ஒரு விஷயம். புத்தி பேதலிப்பது என்று நாம் சொல்கிறோமே, அதைப் பற்றி. 'இதுக்கும் குடும்ப நலத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. கேளுங்கள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் வேறொரு கிராமத்தில் இதே மாதிரி ஒரு கூட்டம். பேசி முடித்தாயிற்று. ஜமுக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கலைந்து போன பிறகும் ஒரு புருஷன் பெண்சாதி மட்டும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவர் கொஞ்சம் தள்ளி நின்றார். அந்த அம்மாள்தான் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்.

"டாக்டரம்மா, எங்க பையனுக்கு வயசு பத்தொன்பது. ஆறு மாசமா தானாப் பேசிக்கிறான். ராத்திரி தூக்கமில்லே. சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ நின்னு அவனைத் திட்டறாங்களாம். நாங்க போய்ப் பார்த்தா ஒருத்தரும் இல்லே. நான் போடற சோத்துல விஷம் வச்சிருக்கேங்கறான். பெத்தவ கையால சோறு வாங்க மாட்டேங்கறான்."

சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு இன்னொன்றும் சொன்னார். "என் மாமியா இது உன் வம்சத்துல வந்ததுங்கறாங்க. எனக்குத் தெரியலேம்மா. இவன் கைக்குழந்தையா இருந்தப்ப எனக்குப் பால் பத்தலே. அதனாலே வந்திருக்குமா?"

அதைக் கேட்டதும் தள்ளி நின்ற அவர் கிட்டே வந்தார். "அதெல்லாம் இல்லீங்கம்மா. பத்தாவதுல ஃபெயிலானப்ப நான்தான் அவனை அடிச்சுப்பிட்டேன். அந்த அடியிலதான் மூளை கலங்கிப் போச்சு" என்றார். அவர் மனதில் அப்படி ஒரு எண்ணம் இருந்தது அவருடைய மனைவிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்து எழுந்தவர்கள், ஆளுக்கொரு பழியைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

பேய் ஓட்டுகிறவருக்காக இரண்டு ஆட்டை விற்றிருந்தார்கள். அடுத்ததாக, ஏதோ ஓர் இடத்தில் கொண்டுபோய்ச் சங்கிலி போட்டு விட்டுவிடச் சொல்லி உறவுக்காரர்கள் யோசனை சொல்லியிருந்தார்கள். அந்தத் தம்பதிகளுக்கு நான் சொன்னதைத்தான் இன்றைக்கு உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

இது என்ன நோய்?

இதற்கு மனச்சிதைவு நோய் என்று பெயர். டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள். உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த நோய் உண்டு. ஏறக்குறைய 300 பேரில் ஒருவர் இந்த நோயோடு வாழ்கிறார். பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் என்று அது பார்ப்பதில்லை. பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில் தலைகாட்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது? யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்பார்கள். தன்னை யாரோ கொல்லப் பார்க்கிறார்கள், செய்வினை வைத்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்புவார்கள். பேச்சு ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும். சிலர் குரல் கேட்பதாகச் சொல்வதற்கு முன்பே ஒதுங்க ஆரம்பித்துவிடுவார்கள். குளிக்க மாட்டார்கள், வேலைக்குப் போக மாட்டார்கள், சிரிப்பும் அழுகையும் வற்றிவிடும். 'சோம்பேறி, திமிரு பிடிச்சவன்' என்று நாம் திட்டுவோம். அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. அதுவும் நோயின் ஒரு பகுதி.

அந்தப் பையனுக்குக் குரல் கேட்டது பொய்யா? அவனுக்கு அது நிஜமாகவே கேட்கிறது. ஆனால் அந்தச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அவனுடைய மூளைக்குள்ளேயே உண்டாகிறது. ஏன் உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, முதலில் புரதத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

புரதம் என்றால் சாப்பிடுவது மட்டும்தானா?

புரதம் என்றதும் முட்டை, பருப்பு, கடலை, மீன் என்று சொல்வீர்கள். சரிதான். நாம் சாப்பிடும் புரதத்தை வயிறு சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துவிடுகிறது. அந்தத் துண்டுகளைக் கொண்டு நம் உடம்பு தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்துகொள்கிறது. செங்கல் ஒன்றுதான், அதை வைத்து வீடும் கட்டலாம், கிணற்றுக்குச் சுவரும் எழுப்பலாம், அடுப்பும் போடலாம் அல்லவா? அதுபோல உடம்பு பல்லாயிரம் வகைப் புரதங்களைச் செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. இரத்தத்தில் காற்றைச் சுமப்பது ஒரு புரதம். கிருமியை அடையாளம் காட்டுவது ஒரு புரதம்.

எந்தப் புரதத்தை எவ்வளவு செய்ய வேண்டும் என்கிற உத்தரவு மரபணுவில், அதாவது ஜீனில், எழுதியிருக்கிறது. அதில் பாதி அப்பா கொடுத்தது, பாதி அம்மா கொடுத்தது.

மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள அவற்றுக்கு நடுவே கணக்கில்லாத இணைப்புகள். நாம் பார்ப்பது, கேட்பது, நினைப்பது, பயப்படுவது எல்லாம் இந்த இணைப்புகள் வழியாகத்தான் நடக்கிறது. அந்த இணைப்புகளை உண்டாக்குவதும் காப்பாற்றுவதும், வேண்டாதபோது எடுத்துவிடுவதும் புரதங்களின் வேலை.

எள்ளுக் கொல்லையும் மூளையும்

எள்ளு விதைக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். விதை ரொம்பச் சிறிசு. மணலோடு கலந்து தூவினாலும் நெருக்கமாகத்தான் முளைக்கும். அப்படியே விட்டால் ஒன்றை ஒன்று அமுக்கிக்கொண்டு, எதுவும் கிளைக்காமல் போய்விடும். அதனால் பதினைந்தாம் நாளில் ஒரு தடவை, முப்பதாம் நாளில் ஒரு தடவை செடியைக் கலைத்து விடுகிறோம். கலைத்து விட்டால்தான் மிச்சமுள்ள செடி திரட்சியாக வளர்ந்து காய் பிடிக்கும்.

குழந்தையின் மூளையும் நெருக்கமாக முளைத்த எள்ளுக் கொல்லை மாதிரிதான். தேவைக்கு மேல் இணைப்புகள் இருக்கும். பிள்ளை வளர வளர, முக்கியமாக வயதுக்கு வரும் பருவத்திலிருந்து இருபத்தைந்து வயது வரைக்கும், உபயோகப்படாத இணைப்புகளை மூளை தானே கலைத்து விடுகிறது. இது எல்லோருக்கும் நடப்பது, நல்லதும்கூட.

எந்த இணைப்பை எடுப்பது என்று யார் அடையாளம் வைப்பது? அடையாளம் வைக்கும் புரதங்களில் ஒன்றுக்கு சி-4 என்று பெயர். இரத்தத்தில் இருக்கும்போது இது கிருமிமேல் ஒட்டிக்கொண்டு 'இதை அழி' என்று அடையாளம் காட்டும். மூளையில் இது வேண்டாத இணைப்பின்மேல் ஒட்டிக்கொள்ளும். அந்த அடையாளத்தைப் பார்த்து, மைக்ரோகிளியா என்கிற துப்புரவு அணுக்கள் வந்து அந்த இணைப்பைத் தின்றுவிடும்.

2016-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலும் பிராட் நிலையத்திலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 65,000 பேருடைய மரபணுக்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 28,799 பேர் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள், மற்றவர்கள் நோய் இல்லாதவர்கள். இறந்துபோனவர்களிடமிருந்து எடுத்து வைத்திருந்த சுமார் 700 மூளைத் துணுக்குகளையும் பார்த்தார்கள். சி-4 புரதத்தில் 'ஏ' என்கிற வகையை அதிகமாகச் செய்யும்படி யாருடைய ஜீனில் உத்தரவு இருக்கிறதோ, அவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தது. நோய் இருந்தவர்களுடைய மூளையில் அந்த உத்தரவு மற்றவர்களுக்கு இருந்ததைவிட அதிகமாக இருந்தது. சி-4 இல்லாத சுண்டெலிகளைப் பார்த்தபோது, அவற்றின் மூளையில் இணைப்புகள் சரியாகக் கலையாமல் நின்றன.

இதிலிருந்து அவர்கள் என்ன நினைக்கிறார்கள்? அடையாளம் வைக்கிற கை தாராளமாகப் போய்விட்டால், பிடுங்க வேண்டிய செடியோடு நல்ல செடியும் போய்விடுகிறது. யோசிப்பதற்கும் எது நிஜம் எது நினைப்பு என்று பிரித்துப் பார்ப்பதற்கும் உதவுகிற முன்மூளையில் இணைப்புகள் குறைந்து போகின்றன. நோயாளிகளின் மூளையில் அங்கே இணைப்புகள் குறைவாக இருப்பதை வேறு ஆராய்ச்சிகளிலும் கண்டிருக்கிறார்கள்.

பதினெட்டு வயது வரைக்கும் நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று ஏன் இப்படி ஆகிறது என்று கேட்கிறோமே, அதற்கும் இதில் ஒரு விடை இருக்கிறது. செடி கலைக்கிற வேலை மும்முரமாக நடக்கும் வயது அதுதான்.

சி-4 மட்டும்தானா? இல்லை. ரீலின் என்று ஒரு புரதம், நரம்பு அணுக்கள் இடம் பார்த்து அமர்வதற்கும் இணைப்பைப் பேணுவதற்கும் உதவுவது. 1998-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், நோயாளிகளின் மூளையில் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஜி.ஏ.டி.-67 என்று இன்னொன்று. மூளைக்குள் பிரேக் போடுகிற பொருளைத் தயாரிப்பது அதன் வேலை. அதுவும் குறைந்திருப்பதைப் பல பரிசோதனைச் சாலைகளில் கண்டிருக்கிறார்கள். பிரேக் பிடிக்காத வண்டி எப்படி ஓடும்? அப்படி எண்ணங்கள் ஓடுகின்றன.

ஒன்று நினைவிருக்கட்டும். இவையெல்லாம் பலபேரைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது தெரிந்த வித்தியாசங்கள். சி-4 அதிகமாக உள்ள எத்தனையோ பேர் நோய் நொடி இல்லாமல் இருக்கிறார்கள். ஒரு புரதத்தால் மட்டும் இந்த நோய் வருவதில்லை. பல சின்னக் காரணங்கள் ஒன்றுசேரும்போதுதான் வருகிறது.

மாத்திரை எங்கே போய் வேலை செய்கிறது?

'மூளைக்குள்ள நடக்கிறதுக்கு ஒரு மாத்திரை என்ன பண்ணிடும்?' என்று கேட்கலாம். அதுவும் ஒரு புரதத்தின்மேல்தான் வேலை செய்கிறது.

டோபமின் என்று ஒரு பொருள் நரம்புகளுக்கு நடுவே செய்தி கொண்டுபோகிறது. அதை வாங்கிக்கொள்ள அடுத்த நரம்பில் டி-2 என்கிற புரதம் பூட்டுப் போல இருக்கும். டோபமின்தான் சாவி. இந்த நோயில் மூளையின் ஒரு பகுதியில் சாவி அளவுக்கு மேல் வந்து பூட்டைத் திறந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஒன்றுமில்லாத சத்தமும் பெரிய செய்தியாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால்கூட 'என்னைப் பார்த்துத்தான் இருமுகிறார்' என்று தோன்றுகிறது. மாத்திரை போய் அந்தப் பூட்டில் உட்கார்ந்துகொண்டு சாவியை நுழையவிடாமல் தடுக்கிறது.

இப்படிப்பட்ட முதல் மருந்தை 1952-இல் பாரிஸ் நகரத்தில் செயின்ட் ஆன் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிகர் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தின் பெயர் குளோர்புரோமசின். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளேயே ஆயுளைக் கழித்தவர்களில் பலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்த மருந்து டி-2 புரதத்தைத்தான் தடுக்கிறது என்பது 1970-களில்தான் தெளிவாயிற்று. மூளையில் டோபமின் செய்யும் வேலையைக் கண்டுபிடித்த சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தப் பூட்டுகளில் நூற்றுக்கு 65 முதல் 80 வரை மருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் குறைந்தால் பலன் தெரியாது. அதற்கு மிஞ்சினால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். அதனால்தான் டாக்டர் மருந்தைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார். நீங்களாக அரை மாத்திரை, ஒன்று விட்டு ஒரு நாள் என்று கொடுத்தால் கணக்குத் தப்பிவிடும்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

'புரதத்துல கோளாறுன்னா, தினம் முட்டை கொடுத்தா சரியாயிடுமா?' ஆகாது. முட்டை உடம்புக்கு நல்லதுதான், கொடுங்கள். ஆனால் எந்தப் புரதத்தை எவ்வளவு செய்வது என்பதை முட்டை தீர்மானிப்பதில்லை. 'மூளைக்குப் புரதச் சத்து' என்று டப்பாவில் போட்டு விற்பதை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

'ரத்தம் எடுத்துப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா?' முடியாது. இன்றைக்கும் நோயாளியோடு பேசியும் வீட்டாரிடம் விசாரித்தும்தான் டாக்டர் இந்த நோயைக் கண்டுபிடிக்கிறார். ஒரே பரிசோதனையில் சொல்லிவிடுவேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

'அம்மா வளர்ப்புச் சரியில்லாததாலே வந்ததா?' இந்தத் தப்பை நம் மாமியார்கள் மட்டும் செய்யவில்லை. பெரிய டாக்டர்களே செய்தார்கள். 1948-இல் அமெரிக்காவில், தாயின் குணம்தான் பிள்ளைக்கு இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று எழுதி, அப்படிப்பட்ட தாய்க்கு ஒரு பெயரும் வைத்தார்கள். எத்தனையோ வருஷம் பெற்றவள் தலையில் பழி போட்டார்கள். அது தவறு என்று பிறகு தெரிந்தது. தாய்ப்பால் பற்றாமல் போனதால் இந்த நோய் வராது. செல்லம் கொடுத்ததால் வராது. ஒருநாள் கோபத்தில் அடித்த அடியாலும் வராது. ஆனால் ஒன்று சொல்கிறேன். சிறு வயதில் ஓயாமல் கொடுமைப்பட்ட பிள்ளைகளுக்கு மனநோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே பிள்ளைகளைக் கைநீட்டி அடிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

'அப்ப எந்த வம்சத்துல வந்தது?' 2022-இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சியில், இந்த நோயோடு சம்பந்தப்பட்ட இடங்கள் மரபணுத் தொகுதியில் 287 இருக்கின்றன என்று கண்டார்கள். ஒவ்வொன்றும் கடுகளவுதான். அதில் சில உங்களிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும். அப்பா வழியிலும் வரும், அம்மா வழியிலும் வரும். ஒரே கருவிலிருந்து பிறந்த, அச்சாக ஒன்றுபோல் இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால்கூட, மற்றவருக்குப் பாதிக்குப் பாதிகூட வருவதில்லை. தாய் தகப்பனில் ஒருவருக்கு நோய் இருந்தால், பிறக்கும் பிள்ளைகள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வராது. இப்படி இருக்கும்போது 'உன் இரத்தமா, என் இரத்தமா' என்று புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டு என்ன லாபம்?

'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா தெளிஞ்சிடும்ங்கறாங்களே?' கல்யாணம் மருந்து ஆகாது. நோயை மறைத்துக் கட்டிவைத்தால், வந்த பெண் மாத்திரையைப் பார்த்துப் பயப்படுவாள் என்று மாத்திரையை நிறுத்துவார்கள். நோய் திரும்பும். இரண்டு குடும்பம் கெடும். நோய் கட்டுப்பட்டு, டாக்டரைக் கேட்டு, எதிர்வீட்டாருக்கு உண்மையைச் சொல்லிச் செய்கிற கல்யாணத்தில் தப்பில்லை. அப்படி நன்றாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வயிற்றில் இருக்கும்போதே

இப்போது குடும்ப நலத்துக்கு வருகிறேன். மூளையில் புரதங்களின் வேலை கருவிலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

1944-45 குளிர்காலத்தில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது, நெதர்லாந்து நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகவிடாமல் ஜெர்மானியப் படை தடுத்தது. கொடும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்கள் வளர்ந்து ஆளானபோது, மற்றவர்களுக்கு வந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பேருக்கு மனச்சிதைவு நோய் வந்தது. 1959-61 காலத்துச் சீனப் பஞ்சத்திலும் அதே கணக்குத்தான். இரண்டு மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம். நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்கு வருவது இரண்டு பேருக்கு வந்தது. மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரும் நன்றாகவே இருந்தார்கள். அந்தத் தாய்மார்கள் பட்டினி கிடந்ததும் அவர்கள் குற்றமில்லை.

நமக்கு இதில் என்ன பாடம்? கர்ப்பிணி வயிறாரச் சாப்பிட வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு மிச்சமிருப்பதை அவள் சாப்பிடுகிற வழக்கம் போக வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வது புருஷனுடைய கடமை. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார நர்ஸிடம் பதிவு செய்யுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, ஃபோலிக் அமில மாத்திரை தவறாமல் சாப்பிடுங்கள். காய்ச்சல் வந்தால் உடனே காட்டுங்கள். பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டுவதும் பின்னால் இந்த நோய்க்கு ஒரு சிறு காரணமாகலாம். அதனால் பிரசவத்தை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த பையன்கள் உள்ள தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. இளம் வயதில் கஞ்சா பிடித்தால் இந்த நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. பையன் யாரோடு சேருகிறான் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அடியுங்கள் என்று அர்த்தமில்லை. உட்கார வைத்துப் பேசுங்கள்.

நோய் வந்துவிட்டால்?

காலம் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். அங்கிருந்து மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் உள்ள மனநல டாக்டரிடம் அனுப்புவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்குப் பணமில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

குரல் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 1999-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், தாங்களாக மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டார்கள். தூக்கம், உடல் பருமன், கை விறைப்பு என்று மருந்தால் தொந்தரவு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார். தினம் மாத்திரை போட மறந்தால் மாதம் ஒரு ஊசியும் உண்டு. மாத்திரை சாப்பிடும் பெண், குழந்தை வேண்டும் என்று நினைத்தாலோ கர்ப்பமானாலோ, தானாக நிறுத்தாமல் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

வீட்டில் பேச்சைக் குறையுங்கள். குத்திக்காட்டிக்கொண்டே இருக்கும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று லண்டனில் 1970-களில் கண்டார்கள். 'குரலெல்லாம் கேக்கலே, பொய் சொல்றே' என்று வாதாடாதீர்கள். 'உனக்குக் கேக்குது தம்பி, எனக்குக் கேக்கலே. பயமா இருக்கா? நான் பக்கத்துலே இருக்கேன்' என்று சொல்லுங்கள். சாகப் போகிறேன் என்று சொன்னால் விளையாட்டாக நினைக்காதீர்கள். தனியே விடாமல் உடனே அழைத்து வாருங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள்.

சங்கிலி மட்டும் வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். கட்டிப்போட்டிருந்ததால் அவர்களால் ஓடித் தப்ப முடியவில்லை. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்கிறது. கோவிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாமி கும்பிடுங்கள், மாத்திரையையும் கொடுங்கள். சாமி கும்பிடச் சங்கிலி எதற்கு?

அந்தப் பையன் இப்போது

அந்தத் தம்பதிகள் மறுநாளே பையனை அழைத்து வந்தார்கள். மாத்திரை ஆரம்பித்தோம். முதல் வாரம் தூங்கிக்கொண்டே இருந்தான். 'இது நல்லாயில்லீங்க' என்று அவர் வந்து நின்றார். அளவைக் குறைத்தோம். இரண்டாம் மாதம் குரல் தூரத்தில் கேட்பதாகச் சொன்னான். நாலாம் மாதம் எப்போதாவதுதான் கேட்கிறது என்றான். இன்னும் முன்போலக் கலகலப்பாக இல்லை. காலையில் மாட்டைப் பிடித்துக் கட்டுகிறான், தண்ணீர் காட்டுகிறான், சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் வருகிறான். எல்லோருக்கும் ஒரே மாதிரி குணமாகும் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று பேரில் ஒருவராவது முழுக்கக் குணமாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்றவர்களில் பலரும் மருந்தோடு வேலைவெட்டி பார்த்துக்கொண்டு வாழ்கிறார்கள்.

போன மாதம் அந்த அம்மாள் மாத்திரை வாங்க வந்தார். கூட அவரும் வந்திருந்தார். "என் கையால சோறு வாங்கிச் சாப்பிடறான் டாக்டரம்மா" என்றார். "இவரும் என்கிட்டே முகங்கொடுத்துப் பேசறாரு" என்று சிரித்தார்.

வீட்டுக்குப் போனதும் நாலு விஷயத்தை ஞாபகம் வையுங்கள். இது மூளையில் வருகிற நோய். பேயும் இல்லை, பாவமும் இல்லை. பெற்றவர்கள் பேரில் குற்றமில்லை. சீக்கிரம் காட்டினால் சீக்கிரம் கட்டுப்படும். டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தக்கூடாது.

உங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாமல் இருக்கலாம், இருக்கட்டும். உங்கள் தெருவில் ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு புருஷனும் பெண்சாதியும் அழுதுகொண்டிருக்கலாம். போய்க் கதவைத் தட்டி, இங்கே கேட்டதைச் சொல்லுங்கள்.